நாற்பதாவது ஒப்புதல்

கணினிப் பாதுகாப்பில் மூன்று வருடப் பட்டப்படிப்பு. கடைசி ஆறு மாதம் ப்ராஜெக்ட் மட்டும்தான், வகுப்பு கிடையாது. விடுதியைக் காலி செய்துவிட்டு அவரவர் ஊரிலிருந்தே செய்யலாம் என்று கல்லூரி சொன்னது. நான் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ரயிலிலும், சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கப்பலிலும் வந்து சேர்ந்தேன். ஊரின் பெயரை அரசாங்கம் மாற்றிவிட்டது. எங்கள் வாய் இன்னும் மாறவில்லை.

ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஃபிஷிங். ஆளை நம்பவைத்துத் தகவலைக் கறக்கும் போலிச் செய்திக்கு அந்தப் பெயர். பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கே இப்படிப் போலிச் செய்தி அனுப்பி, எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும். நான் அதையே எங்கள் ஊர்க்காரர்களிடம் செய்து பார்ப்பதாக எழுதிக் கொடுத்தேன். நாற்பது பேர். எண்களை வாப்பாவின் போனிலிருந்து எடுத்தேன். வாப்பா ஜெய்னுலாப்தீனுக்கு அபர்டீன் பஜாரில் கடை. பிளாஸ்டிக் வாளி, நைலான் கயிறு, தார்ப்பாய். தெற்கு அந்தமானில் பாதிப் பேர் அவருடைய போனில் இருக்கிறார்கள்.

பங்கு பெறுபவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. முன்கூட்டிச் சொன்னால் எவன் மாட்டுவான்? என் கைடு மேடத்திடம் கேட்டேன். முதலில் வேலையை ஆரம்பி, பேப்பரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதைத்தான் நானும் எதிர்பார்த்திருந்தேன்.

என் வகுப்பில் மற்றவர்கள் வங்கி, கூரியர் பார்சல், கரண்ட் பில் என்று தூண்டில் போட்டார்கள். இங்கே வங்கிச் செய்தியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இங்கே திறந்து பார்க்கிற செய்தி ஒன்றுதான். கப்பல்.

மெயின்லேண்டுக்கு விமானத்தில் போக எல்லோராலும் முடியாது. கப்பல் எப்போது கிளம்பும், டிக்கெட் எப்போது கொடுக்க ஆரம்பிப்பார்கள் என்பது கடைசி நேரத்தில்தான் உறுதியாகும். ஆரம்பித்த அன்றே தீர்ந்தும்விடும். அதனால் கப்பல் செய்தி யாருக்கு முதலில் கிடைத்தாலும் அவர் அதை நூறு பேருக்குச் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பயணம் இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு வங்காளி வாத்தியாருக்கு அனுப்புவார், எதிர்வீட்டுத் தெலுங்கு மீன்காரருக்கு அனுப்புவார், சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன மச்சானுக்கும் அனுப்புவார். கப்பல் செய்தியைத் தனக்குள் வைத்துக்கொண்டவனை இங்கே மனிதனாக மதிக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். நான் இங்கேயே வளர்ந்தவன்.

தமிழிலும் இந்தியிலும் செய்தி எழுதினேன். சென்னைக் கப்பல் மார்ச் பதினொன்று, பதிவு திறந்துவிட்டது, ஐலேண்டர் கார்டு எண்ணைக் கொடுத்து இடத்தை உறுதி செய்துகொள்ளவும். கீழே ஒரு லிங்க், நாற்பது பேருக்கும் தனித்தனியாக. ஐலேண்டர் கார்டு என்பது தீவுக்காரர்களுக்கான அடையாள அட்டை. லிங்க்கைத் தொட்டால் நான் செய்த பக்கம் வரும். கார்டு எண்ணைப் போட்டு அழுத்தினால் அடுத்த பக்கம் சிவப்பில் வரும்: இது ஒரு கல்லூரிச் சோதனை, இது கப்பல் பதிவு அல்ல, இனி இப்படி எண்ணைக் கொடுக்காதீர்கள். எந்த எண்ணையும் நான் சேமிக்கவில்லை. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற கணக்கு மட்டும். அந்த வாரம் ஒரு கப்பல் உண்டு என்று ஊரில் பேச்சு இருந்தது. தேதியை நான் ஊகித்துப் போட்டேன். ஊகம் சரியாகிவிட்டது. எல்லாம் கெட்டது அதனால்தான்.

புது சிம்மிலிருந்து செய்தியை அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும். சாயங்கால அஸர் தொழுகைக்குள் நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் எண்ணைப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அறுநூற்றுச் சொச்சம். நாற்பது பேரும் தங்கள் கடமையைச் செய்திருந்தார்கள். வடகோடி டிக்லிபூரிலிருந்தும் தென்கோடி லிட்டில் அந்தமானிலிருந்தும் ஆட்கள் வந்து எண்ணைப் போட்டிருந்தார்கள். நான் பக்கத்தை மூடினேன். சிவப்புப் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்களே, திட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

சர்வர் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அறுநூறு பேரில் சிவப்புப் பக்கம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது நூற்றுப் பத்துப் பேருக்கு. ஏமாந்ததை அவர்களும் வெளியே சொல்லவில்லை போலிருக்கிறது. கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு டவுனில் நெட் ஓடுகிறது. நான் சோதித்துப் பார்த்தது வாப்பா கடை வைஃபையில். டவுனைத் தாண்டினால் இன்னமும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இருபது வருடம் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்த ஜனங்கள் இரண்டாவது பக்கத்துக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டார்கள். படிவத்தை நிரப்புவார்கள், அழுத்துவார்கள், வட்டம் சுற்றும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. வேலைக்கு விண்ணப்பித்தாலும் ரேஷன் கார்டுக்கு எழுதினாலும் இங்கே அதுதான் ரசீது. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். என் உம்மாவும் அப்படித்தான் செய்வார். கோயம்புத்தூரில் மூன்று வருடம் இருந்ததில் மறந்துவிட்டது.

அன்றைக்கே, அது பொய், யாரும் நம்ப வேண்டாம் என்று இன்னொரு செய்தி அனுப்பியிருக்கலாம். அதுவும் அதே வேகத்தில் போயிருக்கும். அனுப்பினால் அந்த சிம் யாருடையது என்று கேட்பார்கள். போலீஸ் வரலாம், கல்லூரிக்குத் தெரிந்தால் ப்ராஜெக்ட் போய்விடும், ப்ராஜெக்ட் போனால் பட்டம் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதையெல்லாம் யோசித்தேன். அனுப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து உண்மையான டிக்கெட் கொடுக்க ஆரம்பித்து அன்றே தீர்ந்தது. வரிசை வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்ததாக வாப்பா வந்து சொன்னார். ஏனென்று அவருக்குப் புரியவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாம் தேதி மத்தியானம் நான் கடையில் இருந்தேன். அழகையாவும் அவர் மனைவி சொர்ணம்மாவும் பைகளோடு வந்தார்கள். அழகையாவுக்கு அறுபது இருக்கும். அவருடைய அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் வெட்ட வந்தவர். சுனாமிக்குப் பிறகு குடும்பம் பெரார்கஞ்சுக்கு வந்துவிட்டது. அங்கே ஒருவரின் பாக்குத் தோட்டத்தில் வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை தார்ப்பாய் வாங்க வருவார். நான் செய்தி அனுப்பிய நாற்பதில் அவரும் ஒருவர். மற்றபடி எனக்கு அவரை அதிகம் தெரியாது.

கப்பல் ஏறும் ஜெட்டியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். சொர்ணம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். அழகையா போனை வாப்பாவிடம் நீட்டினார்.

"பாய், இதக் கொஞ்சம் பாருங்க. பதிஞ்சது கெடக்கு. அங்க காட்டினா, இது ஒண்ணுக்கும் ஆகாது, ஹட்டோ, தள்ளிப் போங்கிறான்."

வாப்பா கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், போனை என்னிடம் தள்ளினார். "ஹாதி, நீ பாரு. மூணு வருஷமா இதத்தான படிக்கிற."

என் பக்கம்தான். நான் தேர்ந்தெடுத்த நீலம், நான் வரைந்த கப்பல். நடுவில் வட்டம் நின்றுபோயிருந்தது. மேலே நேரம், பேட்டரி அறுபத்திரண்டு சதவீதம். அழகையா அதை வால்பேப்பராகவே வைத்திருந்தார், தொலைந்துவிடக் கூடாதென்று.

"போலி" என்றேன். "யாரோ ஏமாத்தியிருக்காங்க."

"எனக்கு ஏதோ தெரியாத நம்பர்லருந்து வந்துச்சுன்னு நெனைப்பு" என்றார் அழகையா. குற்றம் சொல்லவில்லை. நினைவுபடுத்திப் பார்த்தார், அவ்வளவுதான்.

"எவன் பண்ணினானோ, அவன் வூடு வெளங்காது" என்றார் வாப்பா. குரலை உயர்த்தவில்லை. பிறகு டீ சொல்லிவிட்டார்.

பதினாறாம் தேதி சென்னையில் சொர்ணம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் வைத்திருந்தார்கள். சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. அடுத்த கப்பல் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். வாப்பா தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். விமானத்தில் அந்த வாரம் இடமும் இல்லை, இருந்தாலும் அவர்களால் ஆகாது. டீயைக் குடித்துவிட்டு இருவரும் பெரார்கஞ்ச் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். பைகளை நான்தான் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கினேன். நல்ல பிள்ளை என்று அழகையா இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரலில் அறிக்கையை எழுதி அனுப்பினேன். மேடத்துக்கு ரொம்பத் திருப்தி. நாற்பதில் முப்பத்தொன்று என்பது சாதாரண எண்ணிக்கை இல்லை, இடத்துக்கேற்ற தூண்டில் என்று ஒரு கட்டுரையே போடலாம் என்றார். பரவியதைப் பற்றி எழுத வேண்டாம், நாற்பதோடு நிறுத்திக்கொள் என்றார். மே மாதம் மறுபடி கூப்பிட்டார். ஒப்புதல் படிவம் நாற்பதும் வேண்டும், கையெழுத்துக்குக் கீழே பிப்ரவரித் தேதி இருக்க வேண்டும். ப்ராஜெக்டுகளைச் சரிபார்க்கும் கமிட்டி நாற்பதில் இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டுக் கேட்டாலும் கேட்கும்.

"இப்பப் போய் வாங்கினா முன்தேதி போட்ட மாதிரி ஆகாதா மேடம்?"

"எப்படி வாங்கறேன்னு எனக்குத் தெரிய வேண்டாம், ஹாதி. நாற்பது வந்தா உனக்கு டிகிரி. வரலைன்னா ப்ராஜெக்ட் ரிஜெக்ட், அடுத்த வருஷம் புதுசா ஆரம்பி. அவ்வளவுதான்."

படிவம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நான்கு நாளில் முப்பத்தொன்பது கையெழுத்து வாங்கினேன். தையல்காரர் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே போட்டார். ஓட்டல்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் போட்டார். ஜங்லிகாட்டில் இருக்கும் வெள்ளைச்சாமி, "கித்னா பேஜ்? ஏக் ஹி?" என்று கேட்டார். ஒரே பக்கம்தான் என்றதும் கொஞ்சம் ஏமாற்றமாகப் போட்டார். பாய் மகன் படிப்புக்கு ஒரு கையெழுத்து என்றால் யார் மறுப்பார்கள்? ஒருவர்கூட வாசிக்கவில்லை. ப்ராஜெக்டில் முப்பத்தொன்றுதான் மாட்டியது. இதில் முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பது. அதை எந்தக் கட்டுரையிலும் போட முடியாது.

அழகையாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர்கள் சென்னையிலிருந்து திரும்பி வந்துவிட்டதாக வாப்பா சொன்னார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மழை ஆரம்பித்திருந்தது, ஜன்னல் தகரம் மூடவில்லை, ஒரு பக்கம் நனைந்தேன். ஃபைலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். இதோடு முடிந்துவிடும் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. இரண்டு மாதமாகவே தூக்கம் சரியில்லை.

வீடு சாலையிலிருந்து இறக்கத்தில், தகரக் கூரை. வாசலில் பாக்கு காய்ந்துகொண்டிருந்தது. மழைக்கு அதன் மேல் இழுத்துப் போட்டிருந்த தார்ப்பாய் எங்கள் கடைச் சரக்கு. அழகையா என்னை உட்காரவைத்தார். சொர்ணம்மா பால் இல்லாத டீ கொண்டுவந்தார். தம்ளரை நீட்டும்போது என் கைக்கு ஒரு சாண் இடதுபுறமாக நீட்டினார். நான் நகர்ந்து வாங்கிக்கொண்டேன்.

கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றார். புதுத் தேதி கிடைத்துப் போய்ச் சேர ஏழு வாரம் தாமதம். முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அழகையா டாக்டரைக் கேட்டிருக்கிறார். இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்றாராம். வலது கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் ஃபைலை எடுத்தேன். படிப்புக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன், முப்பத்தொன்பது தடவை சொன்ன அதே குரலில். அழகையா உடனே பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். தாளை முழங்காலில் வைத்து, எந்த இடத்தில் என்று என் விரலைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க தம்பி" என்றார் சொர்ணம்மா. "முந்தியெல்லாம் நாந்தான் இவருக்கு வாசிச்சுச் சொல்லுவேன். இப்ப எனக்கு ஏலாது."

"இங்கிலீஷ்ல இருக்கு."

"தமிழ்ல சொல்லுங்க."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. கல்லூரிக் கட்டண விஷயம் என்றாலும் நம்பியிருப்பார்கள். பொய் சொல்லக் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. புதிதாக ஒன்றை யோசிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். தாளை வாங்கி அதில் இருந்ததையே சொன்னேன். கல்லூரி மாணவர் அப்துல் ஹாதி கப்பல் டிக்கெட் பற்றி எனக்கு ஒரு போலிச் செய்தி அனுப்பப் போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். இது சோதனை என்று தெரிந்தே சம்மதித்தேன். இதனால் எனக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை.

ஆங்கிலத்தில் அது சாதாரணமாக இருந்தது. எல்லாப் படிவத்திலும் இருக்கிற வாக்கியங்கள்தான்.



"அப்ப அது நீங்களா?" என்றார் அழகையா.

"ஆமா."

"அன்னைக்குக் கடையில போன வாங்கிப் பாத்தீங்களே."

"ஆமா."

"பையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா ஒங்க படிப்பு முடியுமா?"

"முடியும். போடாட்டி முடியாது."

"போடுறேன். ஜெய்னுலாப்தீன் பாய் எனக்கு எத்தனையோ தடவ கடனுக்குத் தார்ப்பாய் குடுத்திருக்காரு. அதுக்குப் போடுறேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன் தம்பி. யாராவது போன் போட்டுக் கேட்டா நான் என்னா சொல்றது? இவளுக்கு ஆபரேஷன் இருக்குன்னு தெரிஞ்சும், அது பொய்யின்னு தெரிஞ்சும், பையக் கட்டிக்கிட்டு ஜெட்டியில போய் நின்னேன்னு சொல்லணுமா? அப்பிடிச் சொன்னா என்னையப் பைத்தியக்காரன்னுதான நெனைப்பாங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் சொல்லிக்கொடுத்தால் அதை அப்படியே ஒப்பித்திருப்பார்.

சொர்ணம்மா என் தம்ளரைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தார். "போட்டுக் குடுத்துருங்க. மழ விட்டதும் பஸ் வந்துரும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அழகையா போட்டார். எழுத்தெழுத்தாக, கடைசியில் ஒரு புள்ளியோடு. தேதியை நான் சொன்ன மாதிரி பிப்ரவரி என்று எழுதினார். தாளில் மழைத்துளி படக் கூடாதென்று அவரே ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தார். என்னை வாசல் வரை கொண்டுவந்து விடவில்லை.

வீட்டுக்கு வந்து முப்பத்தொன்பது தாள்களை ஸ்கேன் செய்தேன். நாற்பதாவதை உறையிலிருந்து எடுக்கவில்லை. மேடத்துக்கு, முப்பத்தொன்பது இணைத்துள்ளேன், ஒருவர் மறுத்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன். அந்த முப்பத்தொன்பதும் அதே பொய்தான். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் அனுப்ப முடியவில்லை.

மறுநாள் காலையில் மேடம் கூப்பிட்டார்.

"ஒருத்தர்தானே? நீயே போட்டுடு. கமிட்டி கையெழுத்து நிபுணரையா கூட்டிட்டு வரப்போகுது?"

"அவர் மறுக்கல மேடம். போட்டுக் கொடுத்துட்டார். நான்தான் அனுப்பல."

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். "போட்டாச்சுன்னா அப்புறம் என்ன பிரச்சினை?"

"வாசிச்சுக் காட்டினேன் மேடம்."

"உன்னை யார் வாசிக்கச் சொன்னது?"

"சொர்ணம்மா" என்றேன்.

அது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்து மத்தியானத்துக்குள் அனுப்பு, இல்லாவிட்டால் என்னால் எதுவும் செய்ய முடியாது என்று வைத்துவிட்டார். மத்தியானம் நான் தூங்கிவிட்டேன். சாயங்காலம்தான் விழித்தேன்.

ஜூனில் தேர்வு முடிவு வந்தது. மற்ற எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, ப்ராஜெக்டுக்கு நேராக ஒரு கோடு. அடுத்த வருடம் திரும்பப் பதிவு செய்ய ஆகஸ்ட் வரை நேரம் இருந்தது. பதிவு செய்யவில்லை. வாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன், முழுதாக. அவர் கேட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். மறுநாள் ஒரு ஆட்டோ பிடித்து, தனியாக, பெரார்கஞ்சுக்குப் போய் வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.